குட்டிகளுக்கும் தாகம் உண்டு

சிறு பண்ணையில் பன்றிக்குட்டிகளின் குடிநீர் பற்றி ஒரு பார்வை

பன்றி வளர்ப்பைப் பற்றி எழுதப் புகுந்தால் எமது வாசகர்களில் ஒரு சாரார் முகஞ்சுழிக்கக்கூடும் என்பதை நாம் அறிவோம். எம்மவர் வீடுகளில் ஆடும் மாடும் கோழியும் இருந்தன. பன்றி பெரும்பாலும் இருந்ததில்லை. ஆயினும் புலம்பெயர்ந்து வந்த நாடுகளில், நகரத்து அடுக்குமாடிகளை விட்டு நாட்டுப்புறத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் பயிர் செய்வோரும் கால்நடை வளர்ப்போரும் எம்மிடையே உருவாகியுள்ளனர். அவர்களுள் நாமும் ஒருவராவோம். இங்கிலாந்தின் கிழக்கே, நோர்போக் மாவட்டத்தில், மூன்று ஏக்கருக்கும் குறைந்த ஒரு காணியில் நாம் கால்நடை வளர்த்து வருகின்றோம். முதலில் கோழி, பின்னர் ஆடு, அதன் பின்னரே இரண்டு தாய்ப்பன்றிகள் வந்து சேர்ந்தன.

தீவனம், கொட்டில், நோய்த் தடுப்பு ஆகியவை பற்றி அயலவர்கள் எமக்கு நிறையவே சொல்லித் தந்தார்கள். தண்ணீரைப் பற்றி எவரும் அதிகம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. குழாயைத் திறந்தால் வருகின்ற பொருளைப் பற்றிக் கேட்பதற்கு என்ன இருக்கின்றது என்று எண்ணினோம். அந்த எண்ணத்திற்கு நாம் கொடுத்த விலை இரண்டு உயிர்கள். அதனாலேயே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அந்த டிசெம்பர்

2010ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தைப் பிரித்தானியாவில் வாழ்ந்தவர்கள் இலகுவில் மறந்திருக்கமாட்டார்கள். 1910இல் தொடங்கிய நாடு தழுவிய வெப்பநிலைப் பதிவேட்டில் அதுவே மிகக் குளிரான டிசெம்பராகப் பதிவாகியது. விமான நிலையங்கள் மூடப்பட்டன, வீதிகள் பனியால் அடைபட்டன.

எமது தாய்ப்பன்றிகளுள் ஒன்று நவம்பர் முதல் வாரத்தில் 11 குட்டிகளை ஈன்றிருந்தது. முதல் நாளே ஒன்று தாயின் உடலுக்கடியில் அகப்பட்டு இறந்துபோக, மிகுதி 10 குட்டிகளும் நன்றாகவே வளர்ந்தன. ஆறு வாரமானதும், டிசெம்பர் நடுப்பகுதியில், அவற்றைத் தாயிடமிருந்து பிரித்து அடுத்திருந்த கொட்டிலுக்கு மாற்றினோம். அங்கே வைக்கோல் தடிப்பாகப் பரப்பப்பட்டிருந்தது. உலர் தீவனத்திற்குத் தொட்டி இருந்தது. சுவரில் நிப்பிள் குழாய் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. குட்டி அதனை வாயால் கவ்வி அழுத்தினால் நீர் வரும், விட்டால் நின்றுவிடும்.

இரவில் கடும் உறைபனி. காலையில் தாய்ப்பன்றியின் தொட்டியில் கனமான பனிக்கட்டி படிந்திருந்தது. கோடரியின் பின்புறத்தால் அதனை உடைத்து, வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுசென்று ஊற்றினோம். குட்டிகளின் கொட்டிலை எட்டிப் பார்த்தோம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கோலுக்குள் படுத்திருந்தன. நிப்பிள் வழமைபோலவே சுவரில் இருந்தது. திருப்தியுடன் திரும்பிவிட்டோம்.

மறுநாள் தொட்டியில் தீவனம் மிஞ்சிக் கிடந்தது. தாயைப் பிரிந்த ஏக்கம் என்று எமக்குள் ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் நாட் காலையில் ஒரு குட்டி நாயைப்போல் பின்னங்கால்களில் குந்தியிருந்து, தலையை மேல்நோக்கி வளைத்து நடுங்கியது. இன்னொன்று சுவரில் நெற்றியை முட்டி அழுத்தியபடி நின்றது. கையை அதன் கண்ணெதிரே அசைத்தும் அது இமைக்கவில்லை. மூன்றாவது குட்டி இலக்கின்றிச் சுற்றிச் சுற்றி நடந்தது. ஏதோ விஷம் தின்றுவிட்டன என்றே நாம் முதலில் நினைத்தோம்.

மிருக வைத்தியர் வந்ததும் குட்டிகளைப் பார்ப்பதற்கு முன்னர் நேராகச் சுவரருகே சென்று, பெருவிரலால் நிப்பிளை அழுத்தினார். ஒரு துளி நீரும் வரவில்லை. கொட்டிலுக்கு வெளியே சுவரோடு ஒட்டிச் சென்ற குழாய் முழுவதும் உறைந்து கிடந்தது. எமது குட்டிகள் ஏறத்தாழ இரண்டு நாட்கள் தண்ணீரின்றி, உலர் தீவனத்தை மட்டும் தின்றிருந்தன.

உப்பு நஞ்சாகும் விதம்

இந்நோய்க்கு உப்பு நஞ்சேற்றம் என்று பெயர். பெயரைக் கேட்டதும் தீவனத்தில் உப்பு மிகுந்துவிட்டதென்று எவரும் எண்ணுவர். அவ்வாறும் நிகழலாம். ஆனால் பெரும்பாலான வேளைகளில் தீவனத்தில் குறை இருப்பதில்லை, தண்ணீர் இல்லாமையே காரணமாகின்றது. சாதாரண தீவனத்திலுள்ள சிறிதளவு உப்பை வெளியேற்றச் சிறுநீரகத்திற்கு நீர் வேண்டும். நீர் கிடையாதபோது இரத்தத்தில் சோடியம் உயர்கின்றது. மெல்ல மெல்ல அது மூளையிலும் சேர்கின்றது. 24 மணி நேரம் முதல் 48 மணி நேரம் வரையிலான நீரின்மையே இந்நிலையைத் தோற்றுவிக்கப் போதுமானது. முதலில் தாகமும் மலச்சிக்கலும். அடுத்துக் குருடும் செவிடும் போன்ற தோற்றம், தலையைச் சுவரில் அழுத்துதல், நாய்போல் குந்தியிருத்தல். இறுதியில் வலிப்பு.

இதிலும் கொடுமையானது ஒன்றுண்டு. தவறை உணர்ந்தவுடன் எவரும் செய்யக்கூடியது, தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி வயிறாரக் குடிக்க விடுவதுதான். அது கொல்லும். உப்புச் செறிந்த மூளைக்குள் நீர் திடீரெனப் பாய்வதால் மூளை வீங்குகின்றது. ஆகவே தண்ணீரைச் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு, பல மணி நேரத்திற்குப் பரப்பிக் கொடுத்தல் வேண்டும். மிருக வைத்தியரின் சொற்படி நாம் அன்று பகலும் இரவும் ஆழமற்ற தட்டங்களில் அளந்தளந்து நீர் வைத்தோம். கத்திக்கொண்டு ஓடிவந்த குட்டிகளின் வாயிலிருந்து தட்டத்தை இழுத்தெடுப்பது இலகுவான செயலாக இருக்கவில்லை. எம்மவரில் பலர் முகாம்களில் ஒரு வாளித் தண்ணீருக்காக வரிசையில் நின்றவர்கள். தாகத்தின் குரல் எத்தகையது என்பதை அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

நோயுற்ற மூன்றனுள் இரண்டு அன்றிரவே இறந்தன. ஒன்று பிழைத்தது. மற்றைய ஏழிற்கும் தீங்கு நேரவில்லை. பிழை குளிரினுடையது அன்று, எம்முடையதே. நாம் நிப்பிளைப் பார்த்தோம், தண்ணீரைப் பார்க்கவில்லை. தொட்டி வற்றினால் கண்ணுக்குத் தெரியும். நிப்பிள் வற்றினால் தெரியாது. நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் அது ஒரே தோற்றத்துடனேயே சுவரில் இருக்கின்றது.

பால் இருக்கத் தண்ணீர் எதற்கு?

இச்சம்பவத்திற்குப் பின்னரே குட்டிகளின் குடிநீரைப் பற்றி ஆதியிலிருந்து கற்கத் தொடங்கினோம். முதலில் எழுந்த வினா, பால் குடிக்கும் குட்டிக்குத் தண்ணீர் வேண்டுமா என்பதாகும்.

பன்றிப்பாலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீரேயாகும். ஆதலால் தாயிடம் பால் நிறைந்திருந்தால் குட்டிக்கு முதல் நாட்களில் வேறு நீர் அதிகம் தேவைப்படுவதில்லை. ஆனால் எல்லாக் குட்டிகளுக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. தாய்ப்பன்றி பசுவைப்போல் எந்நேரமும் பால் தருவதன்று. ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை மட்டுமே பாலை இறக்கும். அவ்வாறு இறங்கும் பாலும் அரை நிமிடத்திற்குள் நின்றுவிடும். அந்தக் கணத்தில் காம்பைப் பிடிக்க முடியாத குட்டி அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டியதுதான். பத்துப் பன்னிரண்டு குட்டிகளுள் மெலிந்தவை பின்தள்ளப்படுகின்றன.

பிறந்த முதல் நாளில் அவற்றிற்கு இன்றியமையாதது கடும்புப்பாலேயன்றித் தண்ணீர் அன்று. பன்றியின் கருவறையில் தாயின் நோயெதிர்ப்பு ஆற்றல் குட்டிக்குச் செல்வதில்லை. அது கடும்புப்பால் வழியாகவே செல்லவேண்டும். குட்டியின் குடல் அதனை உள்வாங்கும் வாயில் ஏறத்தாழ ஒரு நாளில் மூடிக்கொள்கின்றது. ஆதலால் முதல் நாளில் குட்டியைக் காம்பில் சேர்ப்பதே வளர்ப்பவரின் தலையாய கடமையாகும்.

இரண்டாம் நாளிலிருந்து தண்ணீரும் பக்கத்தில் இருத்தல் நன்று. 1980களில் கனடாவில் நடைபெற்ற ஆய்வுகள், பிறந்து ஓரிரு நாட்களேயான குட்டிகளும் தண்ணீரைத் தேடிக் குடிக்கின்றன என்பதையும், ஈற்றுக்கு ஈறு அந்த அளவு பெரிதும் வேறுபடுகின்றது என்பதையும் காட்டின. பால் குறைந்த தாயின் குட்டிகளுக்கு இந்த நீர் பெருந்துணையாகின்றது. அதிலும், கொட்டிலில் சூட்டு விளக்கின் கீழ்க் கிடக்கும் குட்டி விரைவில் உலர்ந்துபோகும். குளிரில் நடுங்கும் அதற்கு விளக்கு வேண்டும், விளக்கின் வெப்பத்தில் அதற்கு நீர் வேண்டும்.

இந்த வயதில் நிப்பிளைவிடத் திறந்த கிண்ணமே சிறந்தது. குட்டி அதனைக் கண்டுகொள்கின்றது, மூக்கால் தொட்டுப் பார்க்கின்றது, பழகுகின்றது. கிண்ணம் ஆழமற்றதாகவும் புரளாதபடி பாரமானதாகவும் இருத்தல் வேண்டும். நீர் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் நிற்கலாகாது. ஆழமான வாளியில் விழுந்து மூழ்கும் குட்டிகளும் உண்டு. நாம் இப்போது பயன்படுத்துவது, கோழிக்குஞ்சுகளுக்கென்று விற்கப்படும் தட்டையான நீர்க் கிண்ணத்தையும், அதன் நடுவில் வைத்த ஒரு வழுவழுப்பான கல்லையுமே.

தாயின் தாகமே குட்டியின் பசி

குட்டிகளின் நீரைப் பற்றிப் பேசுவோர் முதலில் தாயின் நீரைப் பற்றிப் பேசவேண்டும். பாலூட்டும் பன்றிக்கு நாளொன்றுக்கு 15 முதல் 30 லீற்றர் வரை நீர் தேவை என்பது பிரித்தானிய அரசின் பண்ணை விலங்கு நல வழிகாட்டியில் தரப்பட்டுள்ள அளவாகும். 12 லீற்றர் வாளியால் அளந்தால், ஒரு வாளிக்குச் சற்று அதிகம் முதல் இரண்டரை வாளி வரை. கருவுற்றிருந்த காலத்தில் 5 முதல் 8 லீற்றருடன் திருப்தியடைந்த அதே பன்றிக்கு, ஈன்ற பின்னர் பழைய அளவிலேயே நீர் வைத்தால் பால் வற்றும். தீவனத்தைக் கூட்டிக் கொடுத்தும் பால் சுரக்கவில்லை என்று குறைப்படுவோர் பலர் தொட்டியை எட்டிப் பார்ப்பதில்லை.

நிப்பிள் மூலம் நீர் பெறும் தாய்க்கு நிமிடத்திற்கு 2 லீற்றராவது பாயவேண்டும். நீர் மெதுவாகக் கசியும் குழாயின் முன்னால் அது பொறுமையாக நிற்பதில்லை. பாதித் தாகத்துடன் போய்ப் படுத்துவிடும்.

வயிற்றோட்டமும் ஓர் அகதி முகாமும்

குட்டிகளின் முதல் வாரங்களில் மிகவும் அஞ்சத்தக்கது வயிற்றோட்டம். கிருமிகள் பலவகை, மருந்தும் அவற்றிற்கேற்ப வேறுபடும். காரணத்தைக் கண்டறிந்து மருந்து தருவது மிருக வைத்தியரின் பொறுப்பு. ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் குட்டியைக் கொல்வது பெரும்பாலும் கிருமியன்று, நீரிழப்பே. ஒன்றரைக் கிலோ எடையுள்ள குட்டியிடம் இழப்பதற்கு அதிக நீர் இல்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு நீராக வெளியேறினாலே உயிருக்கு ஆபத்து. கண்கள் உள்வாங்கியிருத்தல், கிள்ளி விட்ட தோல் மடிப்பு உடனே விரியாதிருத்தல், முரசு உலர்ந்திருத்தல் ஆகியவை அபாய அறிகுறிகளாகும்.

இதற்கு மிருக வைத்தியர்கள் தருகின்ற உப்பு, குளூக்கோஸ் கலந்த பொதிகளின் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அது அகதிகளின் வரலாறும் ஆகும். 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்காளத்தின் பொன்கான் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோனது. அங்கு பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலநபிஷ், உப்பு, குளூக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றை நீரில் கலந்து வாய் வழியாகவே கொடுக்கச் செய்தார். உறவினர்களே நோயாளிகளின் அருகிலிருந்து குவளையால் ஊட்டினார்கள். ஏறத்தாழ 30 வீதமாக இருந்த இறப்பு, அவரது கவனிப்பில் இருந்தோரிடையே 4 வீதத்திற்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார். மறு ஆண்டில் இந்திய அரசு பத்ம விபூஷண் விருதை அறிவித்து அவரைக் கௌரவித்தது.

குளூக்கோஸ் குடலின் சுவரைக் கடக்கும்போது சோடியத்தையும் உடனழைத்துச் செல்கின்றது, அவற்றின் பின்னே நீரும் செல்கின்றது. இதுவே அதன் இரகசியம். மனிதக் குழந்தைக்கும் பன்றிக்குட்டிக்கும் இவ்விடயத்தில் குடல் ஒன்றுபோலவே இயங்குகின்றது. எனவே குட்டிகளுக்கு வயிற்றோட்டம் கண்டவுடன், மிருக வைத்தியர் தரும் பொதியை, அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் கரைத்துக் கிண்ணத்தில் வைத்தல் வேண்டும். அளவு மிகுந்தால் அதுவே உப்புக் கேடாக முடியும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருத்தல் வேண்டும். கரைசல் பழுதாகுமாதலால் நாளுக்கு இருமுறையாவது புதிதாகக் கரைத்து வைத்தல் அவசியம்.

பால் மறக்கும் வேளை

குட்டியின் வாழ்வில் மிகுந்த ஆபத்தான நாள், அது தாயிடமிருந்து பிரிக்கப்படும் நாளாகும். அதுவரை நீரும் உணவும் ஒரே காம்பிலிருந்து வந்தன. பசித்தாலும் தாகித்தாலும் குட்டிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இப்போது திடீரென உணவு ஓரிடத்திலும் நீர் வேறோரிடத்திலும் இருக்கின்றன. சில குட்டிகள் ஒரு நாள் முழுவதும் எதனையும் தொடாமலே இருந்துவிடும். நீர் குடியாத குட்டி உலர் தீவனத்தையும் தின்னாது. தின்னாத குட்டியின் குடல் மெலிந்து நோய்க்கு இடங்கொடுக்கும்.

ஆகவே நாம் இப்போது மூன்று காரியங்களைச் செய்கின்றோம். முதலாவதாக, பிரிப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே, பின்னர் அவை காணப்போகும் அதே வகை நிப்பிளைத் தாயின் கொட்டிலிலும் தாழ்வாகப் பொருத்திவிடுகின்றோம். இரண்டாவதாக, பிரித்த முதல் நாள் நிப்பிளில் ஒரு சிறு குச்சியைச் செருகித் துளித்துளியாகச் சொட்ட விடுகின்றோம். சொட்டும் ஒலியும் பளபளப்பும் குட்டிகளை இழுத்து வருகின்றன. மூன்றாவதாக, முதல் ஐந்து நாட்களுக்கு நிப்பிளுடன் ஒரு திறந்த கிண்ணத்தையும் வைக்கின்றோம்.

எவ்வளவு நீர் வேண்டும்? மேற்குறித்த வழிகாட்டியின்படி, புதிதாகப் பால் மறந்த குட்டிக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 லீற்றர், 20 கிலோ எடை வரை 1.5 முதல் 2 லீற்றர், 20 முதல் 40 கிலோ வரை 2 முதல் 5 லீற்றர். பத்துக் குட்டிகளுக்கு முதல் வாரத்திலேயே நாளுக்கு ஏறத்தாழ ஒரு வாளி நீர் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அளந்து பார்த்தல்

எத்தனை லீற்றர் தேவை என்பதுபோலவே எத்தனை வேகத்தில் நீர் வருகின்றது என்பதும் முக்கியமானது. புதிதாகப் பால் மறந்த குட்டிக்கு நிமிடத்திற்குக் குறைந்தது 300 மில்லிலீற்றர் வரவேண்டும். 20 கிலோ வரை வளர்ந்தவற்றிற்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை. இதனைக் கண்டறிய எவ்விதக் கருவியும் தேவையில்லை. சமையலறையிலுள்ள அளவுக் குவளையையும் ஒரு கைக்கடிகாரத்தையும் எடுத்துச் சென்று, நிப்பிளை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் நீரைச் சேர்த்தால் போதும். வேகம் குறைந்தால் குட்டி சலித்துப்போகும். மிகுந்தால் முகத்தில் பீச்சியடித்து அதனை மிரட்டும், வைக்கோலும் நனையும்.

உயரமும் கவனிக்கத்தக்கது. சுவரிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கும் நிப்பிள் ஆகச் சிறிய குட்டியின் தோள்மட்டத்தில் இருத்தல் நன்று. கீழ்நோக்கிச் சாய்ந்த நிப்பிளாயின் அதன் முதுகுக்குச் சற்று மேலே. குட்டிகள் வளர வளர அதனையும் உயர்த்த வேண்டுமாதலால், நாம் குழாயைச் சுவரில் இறுக்கிவிடாமல் துளைகளிட்ட மரச்சட்டத்தில் பொருத்தியுள்ளோம். தீவனம் அளந்து கொடுக்கப்படும் கொட்டிலில் 10 குட்டிகளுக்கு ஒரு நிப்பிள் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் பத்துக்கும் குறைந்த குட்டிகள் இருந்தாலும் இரண்டு நிப்பிள்களைச் சற்று விலக்கி வைப்பதே புத்திசாலித்தனம். ஒன்று அடைபட்டாலும், ஒன்றை வலிய குட்டி மறித்து நின்றாலும், மற்றது கைகொடுக்கும்.

எங்கே பொருத்துவது என்பதற்குப் பன்றியே விடை சொல்கின்றது. அழுக்கின் மறுபெயராக எம்மவர் பன்றியைச் சொன்னாலும், இடம் கிடைத்தால் அது படுக்குமிடத்தில் மலங்கழிப்பதில்லை. ஈரமும் குளிரும் உள்ள மூலையையே அதற்கெனத் தெரிவுசெய்யும். எனவே நிப்பிளைப் படுக்கைக்கு எதிர்ப்புறத்தில் வைத்தால், படுக்கை உலர்ந்தும் மறுபுறம் ஈரமாகவும் இருக்கும். கொட்டிலும் தானாகவே ஒழுங்குபடும். கிண்ணத்தை மட்டும் அம்மூலையில் வைக்கலாகாது. அது எளிதில் அழுக்குறும்.

உறைபனியும் தூய்மையும்

குளிர் நாடுகளில் வாழும் நாம் குழாயைப் போர்த்த வேண்டும் என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும். வெளியே செல்லும் குழாய்களை நிலத்தடியில் ஆழமாகப் புதைத்தல், மேலே வரும் பகுதியைப் பஞ்சுறையால் சுற்றுதல், பன்றியின் பற்கள் எட்டுமிடத்தில் அதனை மரப்பலகையால் மறைத்தல் ஆகியவை அடிப்படைகள். இவை யாவும் உறைதலைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுத்துவிடா. கடும் பனி எதிர்பார்க்கப்படும் இரவில் குழாயை நம்பாமல் வாளியை நம்புவதே சிறந்தது. மாலையில் குழாயிலுள்ள நீரை வடித்துவிட்டு, பாரமான றப்பர்த் தொட்டியில் நீர் வைக்கின்றோம். உறைந்தாலும் றப்பரை வளைத்துப் பனிக்கட்டியைக் கழற்றிவிடலாம். காலையிலும் மதியமும் மாலையிலும் வெதுவெதுப்பான நீர் மாற்றுகின்றோம். பனிக்கட்டியை நக்கித் தாகந்தீர்க்கும் என்று குட்டிகளை விட்டுவிடலாகாது.

தூய்மைக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோல் மிக எளியது. அந்தக் கிண்ணத்தில் நாமே குடிப்போமா என்று எம்மைக் கேட்டுக்கொள்வதே அது. பச்சைப் பாசியும் தீவனக் கசடும் படிந்த கிண்ணத்தைக் குட்டி முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். நாளுக்கு இருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும். கிணற்று நீரையோ கூரையிலிருந்து சேர்க்கும் மழைநீரையோ பயன்படுத்துவோர் அதனைச் சோதனைக்கு அனுப்பிக் கிருமி உண்டா என்று அறிந்துகொள்ளல் நன்று. இரும்புச்சத்து மிகுந்த நீர் நிப்பிள்களின் உள்ளே துருப்போலப் படிந்து அடைத்துவிடும். ஒவ்வோர் ஈற்றின் முடிவிலும் அவற்றைக் கழற்றிச் சுத்தஞ்செய்கின்றோம்.

சட்டம் சொல்வது

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டின் 120ஆம் இலக்க நெறியாணை, இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட ஒவ்வொரு பன்றிக்கும் போதியளவு புதிய நீர் எந்நேரமும் கிடைக்கவேண்டும் என்று விதிக்கின்றது. இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டின் பண்ணை விலங்கு நல விதிகளும் அவ்வாறே கூறுகின்றன. பொதுவாக 28 நாட்களுக்கு முன்னர் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தலும் தடுக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் ஒரேயொரு பன்றியை வளர்ப்பவரும் காணிக்கும் மந்தைக்கும் பதிவிலக்கம் பெறவேண்டும். 2001இல் கால்-வாய் நோய் நாடெங்கும் பரவியதன் பின்னர், வீட்டுச் சமையலறையில் மிஞ்சிய உணவைப் பன்றிக்குக் கொடுத்தலும் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அது மரக்கறிச் சமையலறையாயினும் விதிவிலக்கில்லை. கழுநீரையும் கஞ்சியையும் மாட்டுக்கு ஊற்றிப் பழகிய எம்மவர் இதனை மனங்கொள்ளல் அவசியம். குழாய் நீரைத் தொட்டிக்கு இணைப்போர், தொட்டி நீர் பொதுக் குழாய்க்குள் திரும்ப இழுபடாதவாறு குழாயின் வாய்க்கும் நீர்மட்டத்திற்கும் இடையே வெளி விடவேண்டும் என்பதும் சட்டமே. ஏனைய நாடுகளில் வாழ்வோர் தத்தம் நாட்டு விதிகளை விசாரித்தறிதல் வேண்டும்.

இந்த விதிகள் யாவும் எமது கொட்டிலில் 2010இலும் நடைமுறையில் இருந்தன. நிப்பிளும் இருந்தது, குழாயும் இருந்தது. ஓர் அதிகாரி அன்று வந்து பார்த்திருந்தால் எம்மைக் குறைசொல்லியிருக்கமாட்டார். ஆனால் தண்ணீர் இருக்கவில்லை.

பிழைத்த அந்தக் குட்டியை நாம் விற்கவில்லை. அது வளர்ந்து தானும் பலமுறை ஈன்றது. அதன் குட்டிகளின் குட்டிகள் இன்றும் எமது காணியில் உள்ளன. இன்றும் காலையில் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுத் தேநீர் கொதிக்குமுன் கொட்டிலுக்குச் செல்கின்றோம். சுவரிலுள்ள ஒவ்வொரு நிப்பிளையும் பெருவிரலால் அழுத்துகின்றோம். கை நனைந்த பின்னரே வீட்டுக்குத் திரும்பித் தேநீரைக் குடிக்கின்றோம்.